வள்ளல் சீதக்காதியின் வாணிபம்

சீதக்காதி மரைக்காயர் அவர்களின் கொடையை அறியாதார் நம்மில் இலர். ஆயினும் அக்கொடைக்குப் பொருள் வந்த வழியை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. நம் இளைஞர்கள் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் தொழில் நிமித்தம் செல்வதால் அதனை இங்கு எழுத விழைகின்றோம்.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கீழக்கரையில் வாழ்ந்த இவர்களின் இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதிர் என்பதாகும். அதுவே தமிழர் நாவில் சீதக்காதி ஆயிற்று. மிளகு, அரிசி, துணி, சங்கு ஆகியவற்றில் கடல் வாணிபம் செய்தார்கள். அந்நாளில் அவர்கள் பழக வேண்டியிருந்தோர் ஒரே வழக்கினர் அல்லர்.

ஒரு பக்கம் இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதியின் அரசவை. அங்கே உறவு முன்னது, கணக்கு பின்னது. நேரில் செல்வதும், காணிக்கை வைப்பதும், மன்னர் தரும் மரியாதையை ஏற்பதுமே உடன்படிக்கை. அம்மன்னர் தமக்குரிய விஜயரகுநாத என்னும் பட்டத்தையே மரைக்காயர் அவர்களின் பெயருக்கு முன் வைத்து வழங்கினார் என்றால் அந்த நட்பின் ஆழம் விளங்கும்.

மறுபக்கம் டச்சுக் கும்பெனியார். 1658இல் தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியவர்கள். நம் மதுராந்தகத்திற்குக் கிழக்கே, கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில் சிதைந்து நிற்கும் கோட்டை அவர்களுடையதே. அவர்களுக்கு எழுத்தே உறவு. மாதிரித் துணியோடு ஒத்துப் பார்த்தே சரக்கை ஏற்பார்கள். அவர்களின் அனுமதிச் சீட்டு இல்லாத கப்பல் நடுக்கடலில் பறிபோகும். மன்னர் நட்பாகக் கருதி இட்ட கையெழுத்தை அவர்கள் ஏகபோக உரிமையாகப் படிப்பார்கள். இவ்வேற்றுமையை அறியாத வணிகர் சரக்கை மட்டுமல்ல, துறைமுகத்தையும் இழக்க நேரும்.

மரைக்காயர் அவர்கள் இரண்டையும் அறிந்திருந்தார்கள். அரசவையில் அவர்களுக்கிருந்த செல்வாக்கு டச்சுக்காரர்களுக்கு உறுத்தலாகவே இருந்தது. சென்னைக் கோட்டையின் ஆங்கிலக் கும்பெனியாரோடும் மிளகு வாணிபம் குறித்துத் தொடர்பு கொண்டார்கள். ஒருவரையே நம்பியிராத அம்முறையை நாம் வியக்கின்றோம். நாமறிந்த வணிகர் ஒருவர், வாய்ச்சொல் போதுமென்று எண்ணி அயல்நாட்டுக்கு அனுப்பிய சரக்கு, எழுத்தில் கண்ட அளவோடு பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. அவர் ஏமாற்றவில்லை, ஏமாற்றப்படவும் இல்லை. வாங்கியவரின் வழக்கை அறியவில்லை, அவ்வளவே.

பிறர் வழக்கை அறிவதால் தம் மார்க்கம் நழுவிவிடுமோ என அஞ்சுவோரும் உண்டு. அவர்கள் கீழக்கரை ஜும்ஆப் பள்ளியைச் சென்று பார்க்க வேண்டும். மரைக்காயர் அவர்களின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் அப்பள்ளியின் கருங்கல் தூண்கள் தமிழ்நாட்டுக் கோயில் சிற்பிகளின் வேலைப்பாட்டை ஒத்தவை. பூவும் கொடியும் உண்டு. உருவம் ஒன்றும் இல்லை. அப்பள்ளியின் வளாகத்திலேயே அவர்கள் அடங்கியிருக்கின்றார்கள்.