வெண்கலச் சிற்பி தேவிபிரசாத் ராய் சௌத்ரியார்

கார்த்திகைத் திங்களில் அண்ணாமலையின் உச்சியில் ஒளிரும் பெருந்தீபத்தைக் கண்டு கைகூப்பாதார் இலர். ஆயினும், அத்தீபத்தைத் தாங்கி நிற்கும் செப்புக் கொப்பரையைச் செய்த கைகளை நினைவார் எத்துணையர்? திருவீதி உலாப் போதரும் ஐம்பொன் திருமேனிகளை வார்த்தோர் பெயரும் பெரும்பாலும் நமக்குத் தெரியவில்லை. செய்தவன் பெயர் செய்பொருளில் மறைந்துபோதல் நம் விசுவகர்ம மரபினர்க்கு நெடுங்காலமாக நேர்ந்துவரும் நிலையாகும்.

இந்நிலையைச் சிந்தித்தற்கு ஏதுவாக, நம் மரபிற் பிறவாதிருந்தும் உலோகச் சிற்பத்தால் நாடறிந்த புகழ் எய்திய தேவிபிரசாத் ராய் சௌத்ரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம். பிற மரபினர் வரலாறு நம் இதழுக்கு எதற்கு எனச் சிலர் வினவலாம். தொழிலின் பெருமை பிறப்பொடு நின்றுவிடுவதன்று. அதனை உயர்த்தினார் எக்குடியினராயினும் நம்மால் போற்றத்தக்காரே ஆவர்.

இவர் 1899-ஆம் ஆண்டு, வங்கத்து இரங்கபுரிப் பகுதியைச் சேர்ந்த தாஜ்காட் என்னும் ஊரில் நிலக்கிழார் குடும்பம் ஒன்றில் தோன்றினார். அவ்வூர் இன்று வங்காளதேச நாட்டில் உள்ளது. ஓவியக்கலையை அவனீந்திரநாத தாகூரிடத்தும், சிற்பக்கலையை ஹிரண்மய ராய் சௌதுரியிடத்தும் பயின்றார். மற்போரிலும் வேட்டையிலும் குழலிசையிலும் ஈடுபாடு மிக்கவர். தாய்மொழியிற் கதைகளும் எழுதினார்.

1929-ஆம் ஆண்டில் சென்னை அரசினர் கலைத்தொழிற் பள்ளியின் தலைமை இவர்பால் வந்தது. 1850-இல் டாக்டர் அலெக்சாந்தர் ஹண்டர் என்பார் தொடங்கிய அப்பள்ளிக்கு முதன்முதல் தலைவராய் அமர்ந்த இந்தியர் இவரே. உலோக வேலை, மரவேலை முதலிய கைத்தொழில்களைப் பயிற்றிய அவ்விடத்தில் ஓவியமும் சிற்பமும் தலைமை பெறுமாறு செய்தார். 1957 வரை அப்பணியில் இருந்தார். சிற்பி தனபாலும், பின்னர்ச் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை நிறுவிய ஓவியர் பணிக்கரும் இவர்தம் மாணாக்கர் ஆவர்.

இவருடைய செய்முறைக்கும் நம் முன்னோர் முறைக்கும் உள்ள வேறுபாடு அறியத்தக்கது. நம் தபதியர் தேன்மெழுகுடன் குங்கிலியம் கூட்டித் திருமேனியை உருவாக்கி, அதன்மேல் மண் பூசி உலர்த்திச் சூடேற்றுவர். மெழுகு உருகி ஓடியபின் அவ்வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பர். அச்சை உடைத்தே உருவை எடுத்தலின், ஒரு கருவினின்று ஒரு திருமேனியே தோன்றும். ராய் சௌத்ரியாரோ இரும்புக் கம்பிச் சட்டத்தின்மேற் களிமண்ணை அப்பி உருச்சமைத்தார். பேருருச் சிலைகள் அம்மண்ணுருவினின்று சுண்ண அச்செடுத்து உள்ளீடற்ற வெண்கலமாக வார்க்கப்படுவன. நம்மவர்க்கு அளவு நூல்களே வழிகாட்டி; அவர்க்கோ கண்முன் நின்ற மனித உடலே வழிகாட்டி.

அரசினரும் செல்வரும் வேண்டியவாறு பெரியோர் உருவங்களைப் பொருள் பெற்றுச் செய்தலும் அவர் தொழிலின் ஒரு பகுதியே. ஆங்கில அரசாங்கம் 1937-இல் அவருக்கு எம்.பி.இ. விருது வழங்கிற்று. ஆயினும் அவர் உள்ளம் எளியோர்பாலே நின்றது. திருவிதாங்கூரில் 1936-இல் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெண்கலப் புடைப்புச் சிற்பமாக்கினார். பசியால் வாடுவோரையும் உருவாக்கினார். 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் துப்பாக்கிக்கு இரையான ஏழு மாணாக்கர்க்குப் பாட்னா நகரில் எழுந்த நினைவுச்சின்னம் இவர் கைவண்ணமே.

சென்னைக் கடற்கரையில் 1959-ஆம் ஆண்டு குடியரசு நாளின் முன்னாளில் திறக்கப்பெற்ற உழைப்பாளர் சிலையை அறியாதார் இலர். நால்வர் பாறை ஒன்றைப் பெயர்க்க முயல்கின்றனர். நரம்பு புடைக்கத் தோள் திரள நிற்கும் அவர்களுள் அரசரும் இல்லை, தலைவரும் இல்லை. பள்ளியின் காவலாளர் ஒருவரும் மாணவர் ஒருவரும் இச்சிலைக்கு மாதிரியாய் நின்றனர் என்பர். கைத்தொழிலாற் பிழைக்கும் நமக்கு அதனினும் உரிய சிலை வேறு யாது? அதே கடற்கரையில் நிற்கும் காந்தியடிகள் சிலையும் இவர் படைத்ததே.

லலித கலா அகாதெமி 1954-இல் தொடங்கப்பெற்றபோது அதன் முதல் தலைவராயினார். 1958-இல் பத்மபூஷண் விருது பெற்றார். காந்தியடிகள் முன்செல்லப் பதின்மர் பின்தொடரும் தண்டி யாத்திரைச் சிற்பத்தில் ஈடுபட்டிருந்த நிலையில், 1975-ஆம் ஆண்டு அக்டோபரில் இறைவனடி சேர்ந்தார். அச்சிற்பம் அவர் மறைவுக்குப் பின்னரே தில்லியில் நிறுவப்பெற்றது.

2016-இல் செல்லாததாக அறிவிக்கப்பட்ட பழைய 500 ரூபாய்த் தாளின் பின்புறத்தில் அச்சிற்பத்தின் உருவே விளங்கிற்று. நாம் அனைவரும் அதனைக் கையில் எடுத்தோம், மடித்தோம், கொடுத்தோம். அதனைச் செய்தார் யாவர் என வினவினோமா? கல்லூரித் தலைமையும் விருதுகளும் பெற்ற ஒருவருக்கே இந்நிலை எனின், பட்டறையின் புகையில் வாழ்நாளைக் கழித்த நம் பாட்டனார்க்கு நேர்ந்தது வியப்பன்று.

ஆதலின் நம் மரபினர்க்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் முதியோர் உள்ளபோதே, அவர்தம் தந்தையரும் பாட்டனாரும் எவ்வூர்க் கோயிலுக்கு எத்திருமேனி வார்த்தனர், எத்தேருக்குத் தகடு வேய்ந்தனர் என்பதைக் கேட்டு ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். கொப்பரையிற் சுடர் ஏறுங்கால் அதனைத் தாங்கும் செம்பையும், அச்செம்பை அடித்த கையையும் நம் பிள்ளைகள் நினைத்தல் வேண்டும். மறவாமையே நாம் அவர்க்குச் செய்யும் நன்றி.