ஈஸ்டை இலவசமாகத் தந்த பீர் ஆலை அதிபர்: ஜே.சி. ஜேக்கப்சன்

அமிலத்தன்மையை அளக்கப் பள்ளி ஆய்வகங்களில் இன்றும் பயன்படும் பிஎச் அளவுகோல், 1909-ஆம் ஆண்டு டென்மார்க்கில் பீர் ஆலை ஒன்றைச் சார்ந்த ஆய்வகத்தில் உருவானது. அந்த ஆய்வகத்தை நிறுவியவர் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் அதிபர் ஜே.சி. ஜேக்கப்சன்.

கோபன்ஹேகனில் பீர் தயாரிப்பாளர் ஒருவரின் மகனாக 1811 செப்டம்பர் 2-ஆம் தேதி பிறந்த அவர், பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர் அல்லர். தந்தையிடம் தொழில் பயின்று, 1835-இல் அவர் மறைந்ததும் ஆலைப் பொறுப்பை ஏற்றார். அக்காலத்தில் பீரின் சுவை வடிப்புக்கு வடிப்பு மாறும். புளித்துக் கெடுவதும் வாடிக்கை.

1845-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில், ஸ்பாட்டன் ஆலையின் கேப்ரியல் செட்ல்மயரிடம் லாகர் வகை பீருக்குரிய ஈஸ்டைப் பெற்றார். வெப்பம் தாக்கினால் ஈஸ்ட் பாழாகிவிடும். எனவே, கோபன்ஹேகன் திரும்பும் நெடுவழியில் குதிரை வண்டி நின்ற இடங்களிலெல்லாம் இறங்கி, கலன்கள் மீது குளிர்ந்த நீரை ஊற்றிக் காத்தார். இரண்டு ஆண்டுகளில், நகருக்கு வெளியே வால்பி குன்றில் புதிய ஆலை எழுந்தது. ஐந்து வயது மகன் கார்லின் பெயரோடு, குன்றைக் குறிக்கும் சொல்லை இணைத்து அதற்குக் கார்ல்ஸ்பெர்க் எனப் பெயரிட்டார்.

1875-இல் ஆய்வகத்தையும், மறு ஆண்டு கார்ல்ஸ்பெர்க் அறக்கட்டளையையும் தொடங்கினார். 1883-இல் ஆலையின் பீர் கெடத் தொடங்கியபோது, அந்நிய ஈஸ்ட் கலப்பே காரணம் என்று ஆய்வாளர் எமில் கிறிஸ்டியன் ஹேன்சன் கண்டறிந்தார். ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்டை வளர்க்கும் முறையையும் அவர் வகுத்தார். வேறொரு முதலாளி அதைத் தொழில் ரகசியமாகப் பூட்டி வைத்திருக்கக்கூடும். ஜேக்கப்சனோ போட்டி ஆலைகளுக்கும் அந்த ஈஸ்டைக் கட்டணமின்றி வழங்கினார்.

ஊருக்குத் தாராளமாக இருந்தவர் வீட்டில் அப்படி இருக்கவில்லை. பீரை நீண்ட காலம் பதப்படுத்தி, அளவோடு விற்க வேண்டும் என்பது அவரது பிடிவாதம். விரைந்து தயாரித்து விற்பனையைப் பெருக்கினார் கார்ல். தனது பெயரையே தாங்கிய கார்ல்ஸ்பெர்க் என்ற பெயரை மகன் பயன்படுத்துவதற்கும் தந்தை எதிர்ப்புத் தெரிவித்தார். இறுதியில் பழைய கார்ல்ஸ்பெர்க், புதிய கார்ல்ஸ்பெர்க் என அருகருகே இரு ஆலைகள் இயங்கின. தனது ஆலையை மகனுக்கு அன்றி அறக்கட்டளைக்கே உரியதாக்கி உயில் எழுதினார் ஜேக்கப்சன்.

1886-இல் இருவரும் சமாதானமாயினர். 1887 ஏப்ரல் 30-ஆம் தேதி ரோம் நகரில் ஜேக்கப்சன் காலமானார். உயில் மாறவில்லை. அறிஞர் ஒருவர் வசிப்பதற்கென அவர் விட்டுச்சென்ற இல்லத்தில், 1932 முதல் 1962-இல் மறையும் வரை இயற்பியலாளர் நீல்ஸ் போர் குடியிருந்தார்.