சதுப்பு நிலத்தில் எழுந்த வெள்ளை நகரம்

ஹார்வர்டு நுழைவுத் தேர்வு எழுதினார், தேறவில்லை. யேல் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார், அதுவும் போச்சு. தங்கம் தோண்டுகிறேன் என்று நெவாடா பக்கம் கிளம்பினார், தங்கம் கிடைக்கவில்லை. அங்கேயே மாநில செனட் தேர்தலில் நின்றார். ஜனங்கள் ஓட்டுப் போடவில்லை. ஊர் திரும்பிக் கண்ணாடி விற்பனையில் இறங்கிப் பார்த்தார், அதுவும் கை கொடுக்கவில்லை. பையன் உருப்பட மாட்டான் என்று அக்கம்பக்கத்தில் முடிவு கட்டியிருந்தால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது!

இவர்தான் டேனியல் பர்ன்ஹாம். 1893-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்காக 600 ஏக்கருக்கு மேற்பட்ட மணலையும் சேற்றையும் இரண்டேகால் வருஷத்தில் ஒரு நகரமாக மாற்றியவர். சிவில் பிரிவிலிருந்து ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தாருங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, விஸ்வேஸ்வரய்யாவையோ பென்னிகுயிக்கையோதான் எதிர்பார்த்திருப்பார்கள். அவர்களைப் பற்றி நாம் எல்லாருமே நிறையப் படித்தாச்சு. சைட்டில் நின்று வேலை வாங்கும் நம் ஆட்களுக்குப் பர்ன்ஹாமின் கதை இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும் என்று தோன்றியது.

பர்ன்ஹாம் 1846 செப்டம்பர் 4-ம் தேதி நியூயார்க் மாநிலத்தில் ஹெண்டர்சன் என்ற ஊரில் பிறந்தார். எட்டு வயதில் குடும்பம் சிகாகோவுக்குக் குடிவந்தது. 1871-ல் அந்த நகரத்தின் ஒரு பெரிய பகுதி தீயில் வெந்து போனது. எரிந்த ஊரைத் திரும்பக் கட்ட வேண்டுமே, கட்டடக் கலைஞர்களுக்கு ஓய்வில்லாத வேலை. அப்போது ஒரு அலுவலகத்தில் வரைவாளராகச் சேர்ந்த பர்ன்ஹாம், பக்கத்து மேஜையில் ஜான் ரூட் என்பவரைச் சந்தித்தார். 1873-ல் இருவரும் சேர்ந்து சொந்தமாக நிறுவனம் ஆரம்பித்தார்கள்.

ரூட், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் படித்தவர், நல்ல கற்பனை உள்ளவர், பியானோவும் வாசிப்பார். பென்சில் அவர் கையில், வாடிக்கையாளர் பர்ன்ஹாம் கையில். இப்படி ஒரு ஜோடி அமைவது லேசில் நடக்கிற காரியம் இல்லை. ஒருத்தர் வரைந்தால் இன்னொருத்தர் பேசி, பணம் வாங்கி, ஆள் சேர்த்து, குறித்த தேதியில் முடித்துக் கொடுப்பார். சிகாகோவின் பெரிய மாட்டுச் சந்தையை நடத்தி வந்த ஷெர்மன் என்பவருக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். அந்த வேலையில் பர்ன்ஹாமுக்கு அவருடைய மகள் மார்கரெட்டே மனைவியாக வாய்த்தார். 1876-ல் கல்யாணம்.

சிகாகோவின் மண் மோசமான மண். மேலே கொஞ்சம் கெட்டி, கீழே போகப் போக ஈரக் களிமண். பத்து மாடிக் கட்டடத்தை அதன்மேல் நிறுத்தினால் இறங்கிக்கொண்டே போகும், அதுவும் ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய. இதற்கு ரூட் கண்ட வழி, ரயில் தண்டவாளங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, கான்கிரீட்டில் புதைத்து, பாரத்தைப் பரவலாக இறக்குவது. நாம் புத்தகத்தில் கிரில்லேஜ் பவுண்டேஷன் என்று படித்தோமே, அதே சங்கதி. 1891-ல் முடிந்த மொனாட்நாக் கட்டடத்தில் 16 மாடியையும் செங்கல் சுவரிலேயே நிறுத்தினார்கள். அடியில் சுவரின் கனம் மட்டும் 6 அடி. இன்றைக்கும் நிற்கிறது.

1889-ல் பாரிஸ் கண்காட்சி நடந்து, ஈபிள் கோபுரத்தை உலகமே அண்ணாந்து பார்த்த சமயம். கொலம்பஸ் அமெரிக்காவில் கால்வைத்த 400-வது ஆண்டைக் கொண்டாட நாமும் ஒன்று நடத்த வேண்டும், பாரிஸை மிஞ்ச வேண்டும் என்று அமெரிக்கர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. நியூயார்க், வாஷிங்டன், செயின்ட் லூயிஸ் எல்லாம் போட்டி போட்டும், 1890-ல் அமெரிக்கக் காங்கிரஸ் சிகாகோவுக்குத்தான் கொடுத்தது. பன்றிக்கறி ஊர் என்று கிழக்கத்திக்காரர்கள் கேலி பேசிய ஊருக்கு! பர்ன்ஹாம் கட்டுமானத் தலைவர், ரூட் ஆலோசனைக் கலைஞர் என்று முடிவாயிற்று.

எங்கே கட்டுவது என்று சண்டை போட்டே மாதங்கள் ஓடிவிட்டன. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை உருவாக்கிய ஓம்ஸ்டெட்டும், அவருடைய இளம் கூட்டாளி காட்மனும் வந்து பார்த்து, ஊருக்குத் தெற்கே மிச்சிகன் ஏரிக்கரையில் இருந்த ஜாக்சன் பார்க்கைச் சொன்னார்கள். பேருக்குத்தான் பார்க். மணல் திட்டு, இடையிடையே தண்ணீர் நிற்கிற சேறு, அங்கங்கே சோனியாக ஓக் மரங்கள். சாதாரண ஆள் வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவான். ஓம்ஸ்டெட் சேற்றைப் பார்க்கவில்லை, ஏரியைப் பார்த்தார். தாழ்ந்த இடங்களை இன்னும் தோண்டி நீர்நிலைகளும் கால்வாய்களும் ஆக்குவது. தோண்டின மண்ணைப் பக்கத்தில் கொட்டி மேடாக்கி அதன்மேல் கட்டடங்களை வைப்பது. வெளியிலிருந்து மண் அடிக்கிற செலவு மிச்சம், அழகுக்கு அழகு. வெட்டும் நிரப்பும் சமமாக வருகிற மாதிரி லெவல் போடுவது என்றால் என்ன என்று சர்வே கேம்ப் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் திட்டத்தை நால்வரும் பேசிப் பேசி, ரூட் ஒரு பெரிய பழுப்புக் காகிதத்தில் பென்சிலால் போட்டார். பிறகு நடந்ததெல்லாம் அந்தக் காகிதத்தின் விரிவுதான்.

1891 ஜனவரியில் நாட்டின் பெரிய கட்டடக் கலைஞர்கள் சிகாகோவில் கூடினார்கள். ஹன்ட், போஸ்ட் என்று எல்லாம் கிழக்கத்திப் பெருந்தலைகள். குளிரில் அந்தச் சேற்றைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்கள். 11-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை ரூட் தம் வீட்டில் விருந்து கொடுத்தார். விருந்தாளிகளை வழியனுப்ப மேல்கோட்டு இல்லாமல் வாசலுக்கு வந்தார். நிமோனியா பிடித்தது. 15-ம் தேதி இறந்துவிட்டார். வயது 41.

பதினெட்டு வருஷக் கூட்டாளி. கனவு வேலை கைக்கு வந்த வாரத்தில் போய்விட்டார். பர்ன்ஹாம் அந்த நிலையில் விலகியிருந்தால் யாரும் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ அடுத்த மாதமே மண்வேலையை ஆரம்பித்துவிட்டார். ஜாக்சன் பார்க்கிலேயே ஒரு மரக்குடிலைப் போட்டுக்கொண்டு, மனைவியையும் ஐந்து குழந்தைகளையும் எவன்ஸ்டன் வீட்டில் விட்டுவிட்டு சைட்டிலேயே குடியிருந்தார்.

பிரைமவேரா இல்லை, செல்போன் இல்லை, டவர் கிரேனும் இல்லை. ஆயிரக்கணக்கான ஆட்கள், சாமான் இறக்க மைதானத்துக்குள்ளேயே ரயில் பாதை, கழிவுநீர்க் குழாய், குடிநீர், தீயணைப்புக் குழாய், சொந்தமாக ஒரு காவல் படை. பெரிய கலைஞர்கள் ஆளுக்கொரு கட்டடம் வரைந்தால் ஆளுக்கொரு திசையில் இழுப்பார்களே? அதற்கும் வழி கண்டார்கள். நடு நீர்நிலையைச் சுற்றிய முக்கியக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் கார்னிஸ் உயரம் 60 அடி என்று கலைஞர்களே கூடி ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒரு கோடு ஓடியதால் முழுசும் ஒரே கையால் செய்தது போல் ஆகிவிட்டது.

கட்டடங்கள் எல்லாம் சலவைக்கல் மாளிகை மாதிரி இருக்கும், தட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்படும். உள்ளே மரமும் இரும்பும். வெளியே ஸ்டாஃப் என்ற பூச்சு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், கொஞ்சம் சிமெண்ட், சணல் நார் கலந்து அச்சில் வார்த்து ஆணியடித்துவிடுவது. ஆறு மாசக் கண்காட்சிக்குக் கருங்கல் எதற்கு? நேரம் நெருங்கியபோது தூரிகையால் வண்ணம் அடித்து மாளாது என்று தெரிந்தது. ஓவியர் பிரான்சிஸ் மில்லட் பொறுப்பில், அழுத்தக் காற்றால் வண்ணத்தைப் பீய்ச்சியடிக்கும் குழாய்களை வைத்து வேலையை ஓட்டினார்கள். எல்லாம் வெள்ளை. வெள்ளை நகரம் என்றே பேர் நின்றுவிட்டது. சல்லிவன் கட்டிய போக்குவரத்து மண்டபம் மட்டும் பல வண்ணங்களோடும் பொன் வாசலோடும் தனியாக நின்றது.

போஸ்ட் வரைந்த உற்பத்திப் பொருள் மண்டபம்தான் எல்லாவற்றிலும் பெரியது. 1687 அடி நீளம், 787 அடி அகலம். அதாவது 30 ஏக்கருக்கு மேல் ஒரே கூரையின்கீழ். நடுவில் 368 அடி தாண்டும் மூன்று கீல் இரும்பு வளைவுகள். இங்கேதான் நம்ம ஆட்கள் நின்று கவனிக்க வேண்டிய ஒரு விஷயம். தலைமைப் பொறியாளராக இருந்தவர் காட்லீப். முக்கியக் கட்டடங்களுக்குக் காற்று அழுத்தத்தைக் கணக்கில் எடுக்காமலே டிசைன் போயிருக்கிறது என்பது 1891-ல் தெரியவந்தது. ஏரிக்கரை, வெட்டவெளி, புயல் அடிக்கிற ஊர்! பர்ன்ஹாம் வேலையை நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் நிறுத்தச் சொன்னார் என்பதை யோசித்துப் பாருங்கள். கூடுதல் பிரேசிங் கொடுத்துத் திருத்தினார்கள். காட்லீப் ராஜினாமா செய்தார். ஷாங்க்லண்ட் அந்த இடத்துக்கு வந்தார். என்னைக் கேட்டால், பர்ன்ஹாமின் வாழ்க்கையில் பெரிய காரியம் கட்டியது அல்ல, அன்றைக்கு நிறுத்தியதுதான்.

ஆனாலும் அவசரத்துக்கு ஒரு விலை இருந்தது. கட்டும்போது பல தொழிலாளர்கள் செத்தார்கள். 1893 ஜனவரியில் காட்மன் குடல்வால் அறுவை சிகிச்சைக்குப் பின் இளம் வயதிலேயே இறந்தார். கண்காட்சி திறந்த பிறகு ஜூலை 10-ம் தேதி, மைதானத்தில் இருந்த குளிர்பதனக் கிடங்கில் தீப்பிடித்து, கோபுரத்தின்மேல் ஏறின தீயணைப்பு வீரர்கள் கூட்டத்தின் கண்ணெதிரே மாண்டார்கள். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் கறுப்பின மக்களுக்கு அந்த வெள்ளை நகரத்தின் நிர்வாகத்திலோ காட்சியிலோ அனேகமாக இடமே இல்லை. இதைக் கண்டித்து ஐடா வெல்ஸும் பிரெடரிக் டக்ளஸும் சிறு புத்தகம் போட்டு மைதானத்திலேயே வினியோகித்தார்கள். பர்ன்ஹாமைப் புகழ்கிற பலரும் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1893 மே 1-ம் தேதி அதிபர் கிளீவ்லண்ட் ஒரு விசையைத் தட்ட, இயந்திரங்கள் ஓடின. இரவில் 90,000-க்கு மேற்பட்ட விளக்குகள் எரிந்தன. எடிசன் வழியில் வந்த ஜெனரல் எலக்ட்ரிக்கை விடக் குறைந்த டெண்டர் போட்டு, மாறுதிசை மின்சாரத்தில் அதைச் செய்தது வெஸ்டிங்ஹவுஸ். டெஸ்லாவின் இயந்திரங்களும் அங்கே காட்சிக்கு இருந்தன. அதே வருஷ அக்டோபரில் நயாகரா ஜெனரேட்டர் ஒப்பந்தமும் வெஸ்டிங்ஹவுஸுக்கே போனது. ட்ரிபிள்-ஈ நண்பர்கள் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்!

ஈபிளுக்குப் பதில் என்ன? ஜார்ஜ் பெர்ரிஸ் என்ற இளம் சிவில் இன்ஜினியர் 264 அடி உயரத்தில் ஒரு ராட்டினம் கட்டுகிறேன் என்றார். பர்ன்ஹாமே ஆரம்பத்தில் நம்பவில்லை, அவ்வளவு மெல்லிய கம்பிகள் தாங்குமா என்று. அனுமதி தாமதமானதால் கண்காட்சி திறந்து ஏழு வாரம் கழித்து ஜூன் 21-ல்தான் சுற்ற ஆரம்பித்தது. 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர். நம்ம ஊர்ப் பொருட்காட்சி ஜயண்ட் வீலுக்கு அதுதான் பெரிய பாட்டன்.

நமக்கும் அந்த மைதானத்தோடு ஒரு தொடர்பு உண்டு. அளசிங்கப் பெருமாள் முதலான சென்னை இளைஞர்கள் வீடு வீடாக ஏறித் திரட்டிய பணமும் சேர்ந்துதான் விவேகானந்தர் சிகாகோ போனார். போனதும் இந்தக் கண்காட்சியைச் சுற்றிப் பார்த்தார். செப்டம்பர் 11-ல் அவர் பேசிய சர்வமத மாநாடு கண்காட்சியை ஒட்டி நடந்தது. ஆனால் நடந்த இடம் ஜாக்சன் பார்க் அல்ல, பல மைல் தள்ளி நகருக்குள் இருந்த கலைக் கழகக் கட்டடம்.

அந்த வருஷம் அமெரிக்காவில் வங்கிகள் மளமளவென்று விழுந்தன. ஆரம்பத்தில் கூட்டம் கம்மி. போகப்போக ஏறி, அக்டோபர் 9-ம் தேதி ஒரே நாளில் 7 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். மொத்தம் சுமார் 2 கோடியே 70 லட்சம் வருகை. 28-ம் தேதி சிகாகோ மேயர் ஹாரிசன் சுட்டுக் கொல்லப்பட்டார். 30-ம் தேதி நிறைவு விழா ஆடம்பரம் எதுவும் இல்லாமல் முடிந்தது. 1894-ல் தீப்பிடித்து வெள்ளை நகரத்தின் பெரும்பகுதி எரிந்து போனது.

தேர்வில் தேறவில்லை என்று அனுப்பிய ஹார்வர்டும் யேலும் கண்காட்சிக்குப் பிறகு பர்ன்ஹாமைக் கூப்பிட்டு கௌரவப் பட்டம் கொடுத்தன. அரியர்ஸ் வைத்திருக்கும் தம்பிகள் இதை வீட்டில் காட்டலாம், பலன் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. 1902-ல் நியூயார்க்கின் பிளாட்அயர்ன் கட்டடம், வாஷிங்டன் யூனியன் ஸ்டேஷன், பிலிப்பைன்ஸில் மணிலா, பாகியோ நகரத் திட்டங்கள், 1909-ல் எட்வர்ட் பென்னட்டுடன் சேர்ந்து சிகாகோ நகரத் திட்டம் என்று வேலை பெருகிக்கொண்டே போனது. ஏரிக்கரை முழுசும் பொதுமக்களுக்கே என்ற எண்ணம் அந்தத் திட்டத்தின் உயிர். பழைய ரோமானிய பாணியை மறுபடி கிளப்பி அமெரிக்கக் கட்டடக் கலையைப் பின்னுக்கு இழுத்துவிட்டார் என்று சல்லிவன் கடைசிவரை மன்னிக்கவில்லை. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு நகரத்தையே தாளில் முதலில் போட்டுப் பார்க்கலாம் என்று மேயர்களுக்குப் புரியவைத்தது அந்த ஆறு மாசம்தான்.

1912 ஏப்ரலில் உடல்நலம் குன்றிய பர்ன்ஹாம் ஐரோப்பாவுக்கு ஒலிம்பிக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். எதிர்த்திசையில் வந்த கப்பலில் பழைய நண்பர் மில்லட் இருந்தார். அவருக்கு ஒரு வயர்லெஸ் செய்தி அனுப்பக் கேட்டார், போகவில்லை. எதிரே வந்த கப்பல் டைட்டானிக். மில்லட் திரும்பவில்லை. ஜூன் 1-ம் தேதி ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் பர்ன்ஹாமும் கண்மூடினார். சிகாகோவின் கிரேஸ்லண்ட் கல்லறைத் தோட்டத்தில், குளத்துக்கு நடுவே ஒரு சின்னத் தீவில் அவர் சமாதி இருக்கிறது.

ஜாக்சன் பார்க்கில் அட்வுட் என்பவர் வரைந்த கலை மாளிகையை மட்டும், உள்ளே வைக்கப்போகும் ஓவியங்களின் பாதுகாப்புக்காகச் செங்கல்லில் கட்டியிருந்தார்கள். பிற்பாடு அதற்குச் சுண்ணாம்புக்கல் போர்த்தி, 1933-ல் அறிவியல் தொழில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். சிகாகோவில் இருக்கும் நம் கல்லூரி நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு போய்ப் பார்க்கலாம்.