வலியிலும் கைவிடாத பக்தி

அயோத்தியில் 1574-ஆம் ஆண்டு ராமசரிதமானஸை இயற்றத் தொடங்கிய கோஸ்வாமி துளசிதாசர், தமது இறுதிக் காலத்தைக் காசியில், கங்கைக் கரையின் அஸி கட்டத்தில் கழித்தார். முதுமையில் அவரது கையில் கடும் வலி கண்டது. பின்னர் கால், வயிறு, வாய் என உடலெங்கும் பரவியது, கொப்புளங்களும் தோன்றின. மருந்து, மந்திரம், தெய்வங்களிடம் வேண்டுதல் எதுவும் பலன் தரவில்லை.

அம்மகான் தம் வேதனையை மறைக்கவில்லை. தாயிடம் அழும் குழந்தைபோல் அனுமனிடம் முறையிட்டார்; தாமதம் ஏனென்று உரிமையோடு கேட்டார். அம்முறையீடே 44 பாடல்கள் கொண்ட ‘ஹனுமான் பாஹுக்’. ‘பாஹு’ என்றால் கை.

அதில் அவர் தம்மையும் சோதித்துக்கொள்கிறார். கோஸ்வாமி என்று உலகம் போற்றத் தொடங்கியதும் பழைய வறுமை நாட்களை மறந்தோமே, அதன் பலன்தானோ இது என வருந்துகிறார். நிறைவுப் பாடலிலும் நோய் நீங்கிய செய்தி இல்லை. துயர் தீராதெனில் அதையாவது தெரிவித்துவிடுமாறு வேண்டுகிறார். விதைத்ததை அறுக்கிறோம் என்று உணர்ந்து மௌனமாயிருக்கச் சித்தமாகிறார்.

பின்னர் அவர் நலமடைந்தார் என்பது மரபு. 1623-இல் காசியிலேயே உடல் நீத்தார். நோயுற்றோர் இன்றும் அந்நூலைப் பாராயணம் செய்கின்றனர்.

வலியில் அழுவது பக்திக்குக் குறைவன்று. அழும்போதும் இறைவனை நோக்கியே அழுதார் துளசிதாசர். படுக்கையில் கிடக்கும் நமக்கும் அவ்வழி திறந்தே இருக்கிறது.