பிரம்பா, பாசமா? அமெரிக்க அரசுப் பள்ளிகளில் 180 ஆண்டுகளுக்கு முன்பே சண்டை போட்ட ஹோரேஸ் மேன்: யார் இவர்?

பள்ளியில் பிள்ளைகளை அடித்துத் திருத்தலாமா? நீதி போதனை வகுப்பு என்றால், அதில் யாருடைய மதத்தின் நீதியைச் சொல்லித் தருவது? பெற்றோர் - ஆசிரியர் கூட்டம் முதல் வாட்ஸ்அப் குரூப் வரை இன்றும் ஓயாத கேள்விகள் இவை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1840-களிலேயே இதே இரண்டு கேள்விகளுக்காகப் புத்தகம் புத்தகமாக எழுதிச் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்தச் சண்டையின் நடுவில் நின்றவர் ஹோரேஸ் மேன். அமெரிக்க அரசுப் பள்ளிகளின் தந்தை என்று பாடப் புத்தகங்கள் சொல்லும் மனிதர். ஆனால் அவர் வாழ்க்கை அவ்வளவு நேர்க்கோட்டில் போகவில்லை.

வருடத்தில் சில வாரம் மட்டுமே பள்ளி

1796 மே 4 அன்று மாசசூசெட்ஸில் உள்ள பிராங்க்ளின் என்ற சிற்றூரில், ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் மேன். வயல் வேலை, வைக்கோல் பின்னும் வேலை என்று சிறு வயதிலேயே உழைப்பு. வைக்கோல் பின்னிக் கிடைத்த காசில்தான் பள்ளிப் புத்தகம் வாங்கினார். பள்ளிக்கூடம் போனதோ வருடத்தில் சில வாரங்கள் மட்டும்தான்.

ஆனால் ஊரில் ஒரு நூலகம் இருந்தது. அமெரிக்க விடுதலைத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளினின் பெயரைத் தங்கள் ஊருக்கு வைத்தவர்கள், பதிலுக்கு தேவாலயத்துக்கு ஒரு மணி கேட்டார்கள். அவர் மணிக்குப் பதிலாகப் புத்தகங்களை அனுப்பி வைத்தார். அந்தப் புத்தகங்களே மேனுக்குப் பாதிப் பள்ளிக்கூடம்.

அந்த ஊரில் இன்னொரு பெரிய சக்தி, பாதிரியார் நதானியல் எம்மன்ஸ். கடுமையான கால்வினிசப் போதகர். நரகத்தைப் பற்றி அவர் செய்யும் பிரசங்கங்கள் சிறுவன் மேனைத் தூங்கவிடாமல் செய்தன. 1809-ல் அப்பா இறந்தார். அடுத்த ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகாமல் குளத்துக்குப் போன அண்ணன் ஸ்டீபன் தண்ணீரில் மூழ்கி இறந்தார். இறுதிச் சடங்கில் பாதிரியார் ஆறுதல் சொல்லவில்லை. மனம் திரும்பாமல் சாகிறவர்களின் கதி என்ன என்று இளைஞர்களை எச்சரித்துப் பேசினார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மேனுக்கு அப்போது 14 வயது.

பயத்தைக் காட்டி மனிதனை நல்லவனாக்க முடியும் என்ற எண்ணத்தின் மீதே அவருக்கு வெறுப்பு வந்தது அங்கேதான். பிற்காலத்தில் அவர் எடுத்த இரண்டு பெரிய நிலைப்பாடுகளுக்கும் இதுவே வேர்.

நன்றாக ஓடிய வக்கீல் தொழிலை விட்டது ஏன்?

பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1819-ல் முதல் மாணவராகத் தேறினார். சட்டம் படித்து வக்கீலானார். 1827-ல் மாநில சட்டமன்றத்துக்குத் தேர்வானார், பின்பு செனட்டின் தலைவரும் ஆனார். மனநலம் பாதித்தவர்களைச் சிறையில் அடைத்து வைத்திருந்த காலத்தில், அவர்களுக்காக வூஸ்டரில் அரசு மருத்துவமனை வருவதற்கு முன்நின்றார்.

இதற்கிடையில் தனிப்பட்ட வாழ்க்கை நொறுங்கியது. 1830-ல் சார்லட் மெசரைத் திருமணம் செய்தார். இரண்டே ஆண்டில் மனைவி இறந்துபோனார். அண்ணனின் கடனும் இவர் தலையில் விழுந்தது. கொஞ்ச காலம் தன் அலுவலகத்திலேயே படுத்து எழுந்தார்.

1837-ல் மாசசூசெட்ஸ் ஒரு கல்வி வாரியத்தை உருவாக்கி, அதன் செயலாளர் பதவியை மேனுக்குக் கொடுத்தது. நண்பர்கள் பலருக்கு அதிர்ச்சி. அரசியலில் மேலே போக வேண்டியவர், இந்தச் சின்ன வேலைக்கு ஏன் போகிறார் என்று கேட்டார்கள். சம்பளம் ஆண்டுக்கு 1,500 டாலர். அதிகாரமோ கிட்டத்தட்ட பூஜ்யம். பள்ளிகளைச் சுற்றிப் பார்க்கலாம், புள்ளிவிவரம் சேகரிக்கலாம், ஆண்டுக்கு ஓர் அறிக்கை எழுதலாம். அவ்வளவுதான். யாரையும் நியமிக்கவோ நீக்கவோ முடியாது.

மேன் அந்த அறிக்கையையே ஆயுதமாக்கினார். 12 ஆண்டுகளில் 12 அறிக்கைகள். ஒவ்வொன்றும் மாநிலம் தாண்டிப் படிக்கப்பட்டது.

அன்றைய வகுப்பறை எப்படி இருந்தது?

குதிரையில் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார். ஓட்டைக் கட்டடம், உடைந்த ஜன்னல், சாய்ந்து உட்கார முடியாத பெஞ்சு. ஆசிரியருக்குப் பயிற்சி என்ற பேச்சே கிடையாது. குளிர்காலத்தில் வேறு வேலை இல்லாத இளைஞர் யாராவது வாத்தியாராக வருவார். 500 குடும்பங்களுக்கு மேல் உள்ள ஊர்கள் உயர்நிலைப் பள்ளி நடத்த வேண்டும் என்று 1827-லேயே சட்டம் வந்துவிட்டது. பல ஊர்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

ஒழுங்கு என்றால் பிரம்பு. சுமார் 250 பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில், ஐந்தே நாளில் 328 முறை பிரம்படி விழுந்ததை மேன் தன் உரை ஒன்றில் பதிவு செய்திருக்கிறார். சராசரியாகத் தினமும் 65-க்கு மேல். அதுவும் மோசமான பள்ளி அல்ல, நல்ல பெயர் எடுத்த பள்ளி!

அடி மட்டுமே ஒழுங்கைக் கொண்டுவந்ததா என்றால், அதுவும் இல்லை. பெரிய பையன்கள் சேர்ந்து வாத்தியாரையே விரட்டிவிடுவதும் நடந்தது. இப்படி மாணவர்களின் கலகத்தாலோ ஆசிரியரின் திறமைக் குறைவாலோ பாதியில் இழுத்து மூடப்பட்ட பள்ளிகளை மேன் தன் அறிக்கைகளில் கணக்கெடுத்தார்.

அவர் வாதம் எளிமையானது. பயத்தால் வரும் கீழ்ப்படிதல், வாத்தியார் முதுகைத் திருப்பும்வரைதான். அடிக்குப் பயந்த பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது பொய் சொல்வதை. மன்னராட்சியில் அது போதுமாக இருக்கலாம். ஓட்டுப் போட்டு ஆட்சியை முடிவு செய்யும் நாட்டில், ஒவ்வொருவருக்கும் தன்னைத் தானே அடக்கி ஆளத் தெரிய வேண்டும். அந்தப் பழக்கம் பள்ளியில் வராவிட்டால் வேறெங்கும் வராது.

அதற்காக நாளை முதல் பிரம்பே கூடாது என்று அவர் சொல்லவில்லை. வேறு எல்லா வழியும் தோற்றால், கடைசி வழியாக அடி இருக்கலாம் என்றே எழுதினார். அவர் கேட்டது வேறு: முதலில் ஆசிரியருக்குப் பயிற்சி கொடுங்கள், பாடத்தைச் சுவையாக்குங்கள், பிரம்பின் தேவை தானாகக் குறையும்.

அதற்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளி 1839 ஜூலை 3 அன்று லெக்சிங்டனில் திறக்கப்பட்டது. அரசு நடத்திய அமெரிக்காவின் முதல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி அது. பெண்களுக்கானது. முதல் நாள் வந்தவர்கள் மூன்றே மூன்று பேர். அடுத்த ஆண்டே, கல்வி வாரியத்தையே கலைத்துவிட வேண்டும் என்று சட்டமன்றத்தில் தீர்மானம் வந்தது. ஓட்டெடுப்பில் அது தோற்றதால் மேனின் வேலை தப்பியது.

31 தலைமை ஆசிரியர்களின் எதிர்ப்பு

1843-ல் மேரி பீபாடியை மறுமணம் செய்துகொண்ட மேன், தேனிலவுக்கு ஐரோப்பா போனார். போன இடத்திலும் பள்ளி பள்ளியாகத்தான் சுற்றினார். பிரஷ்யாவில் பார்த்த வகுப்பறைகள் அவரை அசத்திவிட்டன. ஆசிரியர் கையில் புத்தகம் இல்லை, நின்றுகொண்டே பேசிப் பேசிப் பாடம் நடத்துகிறார். பிள்ளைகள் பதில் சொல்லத் துடிக்கிறார்கள். வாரக்கணக்கில் பார்த்தும், அடி வாங்கி அழும் ஒரு குழந்தையைக்கூட அவர் பார்க்கவில்லை.

திரும்பி வந்து எழுதிய ஏழாவது அறிக்கையில் இதையெல்லாம் சொன்னார். பாஸ்டன் ஆசிரியர்களின் பெயர் எதையும் குறிப்பிடவில்லை. ஆனால் படித்தவர்களுக்குப் புரிந்துவிட்டது.

1844-ல் பாஸ்டனின் 31 தலைமை ஆசிரியர்கள் சேர்ந்து 144 பக்கப் பதிலை அச்சிட்டார்கள். பள்ளியில் வருடக்கணக்கில் நின்று பழக்கமில்லாத வக்கீல், விருந்தாளியாகப் போய்ப் பார்த்ததை வைத்து எங்களுக்குப் பாடம் எடுக்கிறார் என்பது அவர்கள் கோபம். அவர்கள் வாதத்தைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது. எல்லாவற்றையும் சுவையாக்கித் தந்தால், பிடிக்காத கடமையைச் செய்ய ஒரு பிள்ளை எப்போது பழகும்? அதிகாரம் என்ற ஒன்று கடைசியில் இல்லாமல் எந்தப் பள்ளி நடக்கும்? நெரிசலான வகுப்பில் தினமும் நிற்பவர்களின் கேள்வி அது. அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவ மாட்டார்கள் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் நம்பியதைப் போலத்தான் அவர்களும் நம்பினார்கள், பைபிள் ஆதாரத்தோடு.

மேன் பதில் எழுதினார். அவர்கள் மறுப்பு எழுதினார்கள். அதற்கும் இவர் பதில் எழுதினார். இரு பக்கமும் நிதானம் தவறியது.

சண்டைக்கு முடிவு வேறு இடத்திலிருந்து வந்தது. மேனின் நெருங்கிய நண்பர் சாமுவேல் கிரிட்லி ஹவ், பாஸ்டன் பள்ளிக் குழுவுக்குள் வந்தார். 1845-ல் அந்தக் குழு, அச்சிட்ட கேள்வித்தாளோடு எழுத்துத் தேர்வு ஒன்றை நடத்தியது. அதுவரை வாய்மொழித் தேர்வுதான் வழக்கம். ஒவ்வொரு பள்ளியின் சிறந்த மாணவர்கள், மொத்தம் 500 பேருக்கு மேல் எழுதினார்கள். முடிவு படுமோசம். மனப்பாடம் செய்ததைத் தாண்டிக் கேட்டால் பதில் இல்லை. தலைமை ஆசிரியர்கள் சிலர் வேலை இழந்தார்கள். பள்ளிகளை மார்க் வைத்து ஒப்பிடும் இன்றைய பழக்கத்தின் தொடக்கங்களில் ஒன்று, பிரம்புச் சண்டையில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

நீதி போதனை: யாருடைய நீதி?

இரண்டாவது சண்டை இன்னும் சிக்கலானது. உண்மை, நீதி, நாட்டுப்பற்று, உழைப்பு, சிக்கனம், நிதானம் ஆகியவற்றை ஆசிரியர்கள் கற்றுத்தர வேண்டும் என்று மாசசூசெட்ஸ் சட்டம் 1789-லேயே சொன்னது. 1827 சட்டமோ, எந்த ஒரு கிறிஸ்தவப் பிரிவுக்கும் சாதகமான புத்தகத்தைப் பள்ளியில் வைக்கக் கூடாது என்றது. ஒழுக்கம் வேண்டும், பிரிவு கூடாது.

மேன் கண்ட தீர்வு: எல்லாப் பிரிவுக்கும் பொதுவான நெறிகளை மட்டும் கற்றுக்கொடுப்பது. பைபிளை வாசிக்கலாம், ஆனால் விளக்கம் சொல்லக் கூடாது. பழமைவாதிகளுக்கு இது பிடிக்கவில்லை. ஊரில் இளைஞர்கள் கெட்டுப்போவதற்குக் காரணமே கடவுள் இல்லாத இந்தப் பள்ளிகள்தான் என்று 1846-ல் பாதிரியார் மேத்யூ ஹேல் ஸ்மித் பிரசங்கம் செய்தார்.

எதிர்த் திசையிலிருந்து வந்த குறைதான் ஆழமானது. பள்ளியில் வாசித்தது புராட்டஸ்டன்ட் மக்களின் பைபிள் மொழிபெயர்ப்பு. அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அது பொதுவானது அல்ல, அடுத்தவர் மதம். மேன் பொது என்று நினைத்தது, பெரும்பான்மைக்கு மட்டுமே பொதுவாக இருந்தது.

விமர்சனங்கள் என்ன?

பாஸ்டனில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி இருந்தது. செயலாளராக இருந்தபோது மேன் அதை எதிர்த்துக் குரல் எழுப்பவில்லை என்று அடிமை ஒழிப்புப் போராளி வெண்டல் பிலிப்ஸ் வெளிப்படையாகவே சாடினார். அரசுப் பள்ளிக்கு ஆதரவு குறைந்துவிடுமோ என்ற பயம் அந்த மௌனத்தில் இருந்தது. 1855-ல்தான் மாசசூசெட்ஸ் பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டப்படி தடை செய்யப்பட்டது. மண்டை ஓட்டின் வடிவத்தை வைத்து குணத்தைக் கணிக்கலாம் என்ற பிரெனாலஜியையும் மேன் நம்பினார். அது வெறும் போலி அறிவியல் என்பது பின்னாளில் தெளிவானது.

1848-ல் செயலாளர் பதவியை விட்டு, ஜான் குவின்சி ஆடம்ஸ் இறந்ததால் காலியான இடத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போனார். அங்கே அடிமை முறைக்கு எதிராக வெளிப்படையாகவே பேசினார். 1853-ல் ஓஹையோவில் ஆன்டியோக் கல்லூரியின் முதல் தலைவரானார். ஆண்களும் பெண்களும் ஒன்றாகப் படித்த கல்லூரி, கறுப்பின மாணவர்களையும் சேர்த்தது. கடன் கழுத்தை நெரித்தது. 1859 ஆகஸ்ட் 2 அன்று, அங்கேயே 63 வயதில் இறந்தார். உடல் பின்பு பிராவிடன்ஸுக்குக் கொண்டுவரப்பட்டு, முதல் மனைவி சார்லட்டின் அருகே அடக்கம் செய்யப்பட்டது.

அவர் இறந்த ஆண்டில் நடந்த ஒன்று

அதே 1859 மார்ச்சில், பாஸ்டனின் எலியட் பள்ளியில் தாமஸ் வால் என்ற கத்தோலிக்கச் சிறுவன், பத்துக் கட்டளைகளைப் புராட்டஸ்டன்ட் முறையில் சொல்ல மறுத்தான். ஆசிரியர் அவன் கைகளில் சுமார் அரை மணி நேரம் பிரம்பால் அடித்தார். நூற்றுக்கணக்கான கத்தோலிக்கப் பையன்கள் பள்ளியை விட்டு வெளியேறினார்கள். வழக்குப் போட்டும் ஆசிரியர் தண்டிக்கப்படவில்லை. மேன் தனித்தனியாகப் போராடிய இரண்டு பிரச்சினைகளும் அந்தச் சிறுவனின் உள்ளங்கையில் ஒன்றாக விழுந்தன.

பிறகு என்ன ஆனது? 1867-ல் நியூ ஜெர்சி பள்ளிகளில் அடிப்பதைத் தடை செய்த முதல் மாநிலமானது. மேனின் சொந்த மாநிலமான மாசசூசெட்ஸ் அதைச் செய்தது 1971-ல்தான். அரசுப் பள்ளிகளில் பைபிள் வாசிப்பைக் கட்டாயச் சடங்காக நடத்துவது செல்லாது என்று 1963-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 1977-ல் அதே நீதிமன்றம், பள்ளியில் அடிப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் அல்ல என்றது. அமெரிக்காவின் தென் மாநிலங்கள் சிலவற்றில் அது இன்றும் சட்டப்படி குற்றமில்லை.

நீதி போதனையில் பெரும்பான்மையின் மதம் புகுந்துவிடக் கூடாது என்பதில் சட்டம் தெளிவாகிவிட்டது. பிரம்பு விஷயத்தில், பாஸ்டனின் 31 தலைமை ஆசிரியர்களுக்கு ஆதரவாளர்கள் இன்னும் இருக்கிறார்கள்.