நாதத்தின் நுட்பம் கண்ட சர் சி. வி. இராமன்

சர் சந்திரசேகர வேங்கட இராமன் என்றதும் ஒளியும் நோபல் பரிசுமே நம் நினைவுக்கு வருகின்றன. பள்ளிச் சிறுவரும் அதனை அறிவர். ஆனால் ஒளியாராய்ச்சியால் உலகப் புகழ் எய்துவதற்கு முன்னர், அப்பெரியார் பல ஆண்டுகள் வீணைக்கும் தம்பூருக்கும் மிருதங்கத்துக்கும் செவி கொடுத்து, ஒலி எங்ஙனம் இசையாகிறது என்னும் வினாவுக்கு விடை தேடினார் என்பதை அறிந்தோர் சிலரே. அந்த ஆராய்ச்சியின் பெரும்பகுதி நடந்த இடம் சென்னையன்று, கல்கத்தா. உத்தியோகத்தின் பொருட்டு ஊரை விட்டு வந்து வாழும் நம்மனோர்க்கு அவ்வரலாறு தனியானதோர் உவகை தரும்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் இராமன் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். வயலின் வாசிப்பில் ஈடுபாடு உடையவர். ஆகவே சங்கீதமும் சாஸ்திரமும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்த வீடு அது. சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-இல் பி. ஏ. பட்டமும் 1907-இல் எம். ஏ. பட்டமும் பெற்றார். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுரங்களைக் குறித்து எழுதிய பெருநூல் அவர் உள்ளத்தை ஆட்கொண்டது. தம் வாழ்வை உருவாக்கிய மூன்று நூல்களுள் ஒன்றாகப் பிற்காலத்தில் அதனைக் குறிப்பிட்டார். மணந்துகொண்ட லோகசுந்தரி அம்மையாரும் வீணை வாசிக்க வல்லவர்.

1907-இல் நிதி இலாகா அதிகாரியாகக் கல்கத்தா சேர்ந்தபோது இராமனுக்கு வயது பதினெட்டு. பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணிற் பட்டது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் அது. சோதனைக்கருவிகள் இருந்தன, அவற்றைக் கையாள ஆளில்லை. அன்று முதல் அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் இராமனுக்கு அதுவே வீடாயிற்று. இடையே இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டு 1911-இல் மீண்டும் கல்கத்தாவுக்கே வந்தார். 1909-ஆம் ஆண்டிலேயே வங்கத்துப் பாணர் மீட்டும் ஒற்றைத் தந்தி வாத்தியமாகிய ஏக்தாராவைக் குறித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். வங்கத்துத் தெருக்களில் ஒலிக்கும் எளிய கருவியையும் ஆராய்ச்சிக்குரிய பொருளாக மதித்த அப்பண்பு கவனிக்கத்தக்கது.

அவர் எடுத்துக்கொண்ட வினாவைச் சற்று விளக்குவோம். ஒரு பொருள் அதிர்ந்தால் ஒலி பிறக்கிறது. அதிர்வு ஒழுங்குற நிகழின் அதற்கோர் சுருதி அமைகிறது. வீணையின் ஒரு தந்தியை மீட்டினால் அத்தந்தி முழுநீளமாக மட்டும் அதிர்வதில்லை. இரு பாதியாகவும், மூன்று கூறாகவும், நான்காகவும், ஐந்தாகவும் அதே கணத்தில் அதிர்கிறது. ஆகவே அடிப்படைச் சுரத்தோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு, ஐம்மடங்கு அதிர்வெண் கொண்ட துணைச்சுரங்களும் எழுகின்றன. அடிப்படைச் சுரம் ஷட்ஜமாயின், இரு மடங்கு மேல் ஷட்ஜமம். மும்மடங்கு அதற்கும் மேலுள்ள பஞ்சமம். ஐம்மடங்கு அந்தர காந்தாரம். நன்கு சுருதி கூட்டிய தம்பூரில் எவரும் மீட்டாத காந்தாரம் தானே கேட்பதற்கு இதுவே காரணம். இம்மடங்குகள் முழு எண்களாய் இருப்பதால் செவி அவற்றைத் தனித்தனியே பிரித்தறியாது ஒரே நாதமாக ஏற்கிறது. ஒரே சுரத்தை வீணையும் குழலும் இசைக்கும்போது இது வீணை, இது குழல் என்று நாம் அறிவதும் இத்துணைச்சுரங்களின் ஏற்றத்தாழ்வினாலேயே.

தோலின் இயல்போ வேறு. சீரான ஒரு வட்டத்தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் எழும் துணையொலிகள் 1.59, 2.14, 2.30 என்றாற்போலப் பின்னமாகவே அமையும். ஒன்றோடொன்று இணங்காத இவ்வொலிகள் காலத்தைக் காட்டுமேயன்றிச் சுருதியைக் காட்டா. அங்ஙனமாயின், பாடகரின் ஷட்ஜமத்தோடு இழையும் மிருதங்கத்தின் வலந்தலைக்கு அந்நாதம் எங்கிருந்து வந்தது?

விடை அதன் நடுவேயுள்ள கரணையில் இருந்தது. கரும்பொடியும் சோறும் சேர்த்துப் பிசைந்த பசையை மெல்லிய படலமாகப் பூசித் தேய்த்து, அதன்மேல் மீண்டும் பூசித் தேய்த்து, மத்தியில் கனத்தும் ஓரத்தில் மெலிந்தும் அமைவது அது. அக்கனம் தோலின் அதிர்வுகளைத் தக்கவாறு மாற்றி, பின்னமாய் இருந்தவற்றை ஏறக்குறைய முழு மடங்குகளாக்கிவிடுகிறது. தோல், தந்தியைப் போற் பாடுகிறது. சிவகாளி குமார் என்னும் உடனுழைப்பாளருடன் சேர்ந்து இராமன் இதனை 1920-இல் இங்கிலாந்தின் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியிட்டார். கணக்கு அறியாத கைவினைஞர், செவி ஒன்றையே துணைகொண்டு எத்தனை தலைமுறை முயன்று இதனைக் கண்டனரோ! அவர்களுள் ஒருவர் பெயரும் நமக்குக் கிட்டவில்லை. இராமன் அவர்களை மனமாரப் போற்றினார். மேனாட்டுத் தோற்கருவிகள் இசைக்கருவிகளே அல்ல என்னும் அளவுக்கு அவர் சென்றது சற்றுக் கடுமைதான். எனினும் கரணையின் பெருமையை அவ்வளவு அழுத்திச் சொல்ல அந்நாளில் ஒருவர் வேண்டியிருந்தது.

வீணையும் தம்பூரும் அவருக்கு வேறொரு வியப்பை அளித்தன. ஒரு தந்தியில் எந்தத் துணைச்சுரத்துக்கு அசைவற்ற புள்ளியோ, அவ்விடத்தில் மீட்டினால் அச்சுரம் எழாது என்பது மேனாட்டார் கண்ட விதி. நம் வீணையில் அது எழுந்தது! வளைந்த மேற்பரப்புடைய குதிரையைத் தந்தி தழுவிச் செல்வதும், தம்பூரில் அதனடியே ஜீவா என்னும் நூல் செருகப்படுவதுமே காரணம் என 1921-இல் விளக்கினார். வயலினையும் விட்டாரில்லை. மனிதக் கையின் மாறுபாடு நேராதிருக்கும்பொருட்டு, வில்லை அசையாது நிறுத்தி வயலினையே இயந்திரத்தால் முன்னும் பின்னும் இயக்கினார். கச்சேரி கேட்டுப் பழகிய நமக்கு அக்காட்சி நகைப்பூட்டும். ஆனால் வில்லின் அழுத்தமும் வேகமும் நாதத்தை எங்ஙனம் ஆள்கின்றன என்பது அதனாலேயே தெளிவாயிற்று.

இதற்கிடையே, 1917-இல், உயர்ந்த ஊதியம் தந்த அரசாங்கப் பதவியைத் துறந்து, குறைந்த ஊதியத்தில் கல்கத்தா சர்வகலாசாலையின் பாலித் பேராசிரியரானார். குடும்பஸ்தர் எவரும் இருமுறை எண்ணிப் பார்க்கும் செயல் அது. 1921-இல் இங்கிலாந்து சென்றபோதும் இலண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் மாடத்தில் மெல்லிய பேச்சும் சுவரோடு தவழ்ந்து எதிர்ப்புறம் கேட்கும் விந்தையை ஆராய்ந்தார். அப்பயணத்திலே கண்ட மத்தியதரைக் கடலின் நீலம் அவரை ஒளிச்சிதறலின்பால் ஈர்த்தது. 1928 பிப்ரவரி 28-இல் ‘இராமன் விளைவு’ வெளிப்பட்டது. 1930-இல் நோபல் பரிசு. அணுத்திரளுக்குள் நிகழும் அதிர்வு, சிதறிய ஒளியின் நிறத்தில் பதிவதே அவ்விளைவு. அதிர்வுகளைத் தேர்ந்தறியும் பயிற்சியை அவர் தந்தியிலும் தோலிலும் முன்னரே பெற்றிருந்தார் என்பதை எண்ணும்போது, இசையாராய்ச்சியை வெறும் பொழுதுபோக்கு எனல் பொருந்தாது.

1933-இல் பங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைமையை ஏற்றுக் கல்கத்தாவை விட்டுச் சென்றார். உலகமே ஒளியைப் பற்றி அவரிடம் கேட்டுக்கொண்டிருந்த 1934-இல் அவர் வெளியிட்டவற்றுள் ஒன்று மீண்டும் நம் தோல் வாத்தியங்களைப் பற்றிய நீண்ட கட்டுரை. தோலின்மேல் மென்மணலைத் தூவி, வெவ்வேறு இடங்களில் விரல் வைத்துத் தட்டினார். அசையும் இடத்து மணல் அகன்று, அசையாக் கோடுகளில் வந்து நின்றது. நாதம் கண்ணுக்குத் தெரிந்தது. ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்தே சுரங்களில் அடங்குகின்றன என்று காட்டினார். முதற் சுரத்துக்கும் இரண்டாவதற்கும் ஒவ்வொரு வகை, மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இவ்விரண்டு, ஐந்தாவதற்கு மூன்று. மிருதங்கம் பயிலும் நம் காலனிச் சிறுவர் ‘நம்’ என்னும் சொல்லை வாசிக்கையில் மோதிர விரலைத் தோலில் மெல்ல வைப்பது ஏனென்று கேட்டால், இதைக் கொண்டு விளக்கலாம்: விரல் பட்ட இடத்தில் அசைவு வேண்டும் அதிர்வு அடங்கிவிடுகிறது, அசையாக் கோடு அவ்விடத்தே செல்லும் அதிர்வு மட்டும் தடையின்றிப் பாடுகிறது.

1948-இல் பங்களூரில் தம் பெயரால் ஓர் ஆராய்ச்சிக் கழகம் கண்டார். 1970 நவம்பர் 21-இல் அங்கேயே மறைந்தார். அவர் விருப்பப்படி அக்கழகத் தோட்டத்திலேயே உடல் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் ஒரு மரம் நடப்பட்டது.