டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல்

தகடூர் ஆண்ட அதியமான் நெடுமானஞ்சி, உண்டாரை நெடுங்காலம் வாழ்விக்கும் அருநெல்லிக் கனியொன்றை அரிதிற் பெற்று, அதனைத் தான் நுகராது ஔவையார்க்கு ஈந்தான் என்பது தமிழ் கற்றார் யாவரும் அறிந்ததொன்று. தருமபுரியை அடுத்த அதியமான்கோட்டை அவ்வள்ளலின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. அவன் ஈந்த கனி ஒன்று. அதனை உண்டாரும் ஒருவரே. ஆனால், பல்லாயிரவர் வாழ்நாளை நீட்டிக்க வல்ல மருந்தொன்று நம் நாட்டுக் காட்டுச்செடியின் வேரில் நெடுங்காலம் மறைந்து கிடந்தது. அதன் ஆற்றலை அளந்து காட்டி, உலகம் ஏற்குமாறு செய்த பெரியார் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவரே பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் ஆவர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

வகீல் 1911ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17ஆம் நாள் பம்பாய் நகரில், பார்சிக் குடும்பமொன்றில் பிறந்தார். மருத்துவக் கலையில் வேட்கை மிக்கவராய் இங்கிலாந்து சென்று, இலண்டன் மாநகரில் அக்கலையைப் பயின்று, உயர்ந்த பட்டங்களைப் பெற்றார். பின்னர்த் தாய்நாடு திரும்பிப் பம்பாயில் இதய நோய் மருத்துவராய்ப் பணி மேற்கொண்டார். அங்கு அவரை நாடி வந்த நோயாளருள் பலர் உயர்ந்த இரத்த அழுத்தம் உடையோராயிருந்தனர். அவர்க்கு ஆற்றத்தக்கது யாது என்னும் வினாவே வகீலின் வாழ்க்கைப் பணியாய் அமைந்தது.

அப்பணியின் அருமை விளங்க வேண்டுமாயின், அவர் எதிர்த்து நின்ற பகை இன்னதென அறிதல் வேண்டும். இதயம் செலுத்தும் இரத்தம், தான் ஓடும் குழாய்களின் சுவரைத் தாக்கிச் செல்கின்றது. அத்தாக்குதல் அளவிற் கூடிப் பல ஆண்டுகள் நிலைக்குமாயின் சுவர் தடித்து இறுகும். மூளையிலுள்ள நுண்ணிய குழாய்களில் ஒன்று ஒருநாள் வெடித்து இரத்தம் கசியும். அன்றேல் அடைபட்டு, மூளையின் ஒரு பகுதி இரத்தமின்றி மாளும். இவ்விரண்டையும் நாம் பக்கவாதம் என்கின்றோம். நம் ஊர்ப் பெரியோர் பாரிசவாயு என்பர். காலையில் ஏர் பூட்டிச் சென்றவன் மாலையில் கை எழாது, வாய் கோணி, நாக்குழறிக் கிடப்பான். கேடு மூளையின் எவ்விடத்து, எத்துணைப் பரப்பில் நேர்ந்தது என்பதைப் பொறுத்தே நோயின் கடுமை அமையும். முதல் நாளின் கடுமையைப் பொறுத்தே பெரும்பாலும் அவன் மீண்டும் நடப்பதும் நடவாமையும் அமையும். நீரிழிவு, புகையிலை, சீரற்ற இதயத் துடிப்பு, முதுமை ஆகியனவும் இந்நோய்க்கு வழி கோலுவனவே. எனினும் அவையனைத்தினும் தலையாயது உயர்ந்த இரத்த அழுத்தமே என்பது இக்கால ஆராய்ச்சியாளர் துணிபு.

இப்பகையின் கொடுமை அதன் மௌனத்தில் உள்ளது. காய்ச்சல் சுடும், புண் வலிக்கும், அழுத்தமோ பெரும்பாலும் யாதொரு குறியும் காட்டாது. ஆதலின் பண்டை மருத்துவர் பக்கவாதத்தை நன்கு அறிந்திருந்தும், அதற்கு முன்னோடியாய் நிற்கும் அழுத்தத்தை அறிந்திலர். 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி கையிற் சுற்றும் காற்றுப்பட்டையை அமைத்தார். 1905இல் உருசிய மருத்துவர் கொரோட்காவ், அப்பட்டையின் கீழே நாடியின் ஒலியைக் கேட்டு அளக்கும் முறையைக் கண்டார். அதன் பின்னரே இம்மறைந்த பகைவன் மருத்துவர் கண்ணுக்குப் புலனாயினான்.

ஆயினும் கண்ட பகைவனை வெல்லப் படைக்கலம் இல்லை. அழுத்தம் உயர்தல் உடலுக்கு வேண்டப்படுவதே, அதனைக் குறைத்தல் தீங்காம் என்று கருதிய மருத்துவ அறிஞரும் அக்காலத்து இருந்தனர். இதற்கு அமெரிக்க நாட்டுத் தலைவர் பிராங்கிளின் ரூஸ்வெல்ட் முடிவே சான்றாகும். 1944ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவரைச் சோதித்த மருத்துவர், அழுத்தம் 186க்கு 108 என்று கண்டார். ஓய்வும், உப்புக் குறைந்த உணவும், தளர்ந்த இதயத்திற்கு உதவும் மருந்தும் அளிக்க முடிந்ததேயன்றி, அழுத்தத்தை அடக்கும் நல்மருந்து அவர் கைவசம் இல்லை. 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் ரூஸ்வெல்ட் மூளையில் இரத்தம் கசிந்து மயங்கி வீழ்ந்து, அன்றே உயிர் நீத்தார். அப்போது அழுத்தம் 300க்கு 190 என்னும் அளவுக்கு ஏறியிருந்தது. பெரும்போரை நடத்தி வந்த பேரரசின் தலைவர்க்கே கதி இதுவாயின், ஏனையோர் நிலை கூறவும் வேண்டுமோ?

மேனாட்டார் இவ்வாறு கையற்று நிற்க, நம் நாட்டில் சர்ப்பகந்தி என்னும் செடியின் வேர் தொன்றுதொட்டு வழங்கி வந்தது. பாம்புக் கடிக்கும், உறக்கமின்மைக்கும், சித்தப் பிரமைக்கும் நாட்டு வைத்தியர் அதனை அளித்து வந்தனர். ரௌவோல்பு என்னும் பழைய செருமானிய மருத்துவர் ஒருவர் பெயரால் மேனாட்டுச் செடி நூலார் அதனை வழங்கினர். 1931இல் கல்கத்தாவில் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போசும் இவ்வேர் சித்தப் பிரமையைத் தணிப்பதோடு இரத்த அழுத்தத்தையும் தாழ்த்தும் என்று எழுதினர். அவ்வாண்டிலேயே தில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அவ்வேரினின்று சில சத்துக்களைப் பிரித்தெடுத்தார். கர்னல் இராம்நாத் சோப்ராவும் அவர்தம் துணைவரும் விலங்குகள்பால் அதனைச் சோதித்தனர்.

இதனால் ஓர் உண்மை புலனாகும். சர்ப்பகந்தியைக் கண்டுபிடித்தவர் என வகீலைப் புகழ்தல் முறையன்று. அவரினும் முன்னர் அதன் குணம் அறிந்தோர் பலர். பின்னை அவர்தம் பெருமை யாதெனின், அது பொறுமையோடு எண்ணியதும் எழுதியதுமேயாம். ஒருவர்க்குக் குணமாயிற்று என்னும் பேச்சு ஊரெங்கும் உலவும். குணமாகாதவர் செய்தியோ அவரோடு மறைந்துபோம். ஆதலின் பேச்சினைக் கொண்டு மருந்தை மதித்தல் கூடாது. வகீல் பல ஆண்டுகள் இம்மருந்தைத் தம் நோயாளர்க்கு அளித்து, ஒவ்வொருவர் அழுத்தத்தையும் அளந்து, குறித்து வைத்தார். அவர்களுள் 50 பேரைப் பற்றிய முடிபுகளைத் தொகுத்து, 1949ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல் என்னும் இதய நோய் ஏட்டில் வெளியிட்டார். உலர்ந்த வேரினாற் செய்த மாத்திரையை நான்கு கிழமைகள் உண்ட அவ்வைம்பதின்மருள் நாற்பதின்மர்க்கு மேற்பட்டோர் அழுத்தம் தாழ்ந்திருந்தது. தாழ்ந்தது இவ்வளவு, தாழாதார் இத்துணையர், நேர்ந்த இடையூறு இன்னது என்று அனைத்தையும் அவர் வெளிப்படக் கூறினார். நாட்டு வைத்தியரின் வேர் அன்றுமுதல் உலக மருத்துவரின் மருந்தாயிற்று.

அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவர் இராபர்ட் வில்கின்ஸ் அக்கட்டுரையின் வாயிலாக இவ்வேரை அறிந்து, தம் நோயாளர்க்கு அளித்துச் சோதித்தார். 1952இல் சுவிட்சர்லாந்து நாட்டுப் பேசல் நகரிலுள்ள சீபா நிறுவனத்தார் வேரின் உயிர்ச் சத்தைப் பிரித்து, அதற்கு ரெசர்பைன் எனப் பெயரிட்டனர். நரம்பு முனைகளில் சேமித்து வைக்கப்பெற்றுள்ள சில சுரப்புப் பொருள்களை அது வெறுமையாக்குகின்றது. அதனால் இரத்தக் குழாய்கள் தளர, அழுத்தம் இறங்குகின்றது. 1957ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் உயர்ந்த மருத்துவப் பரிசாகிய லாஸ்கர் பரிசு வகீலுக்கும் வேறு சிலர்க்கும் அளிக்கப்பெற்றது. அடுத்த ஆண்டில் இந்திய அரசினர் அவர்க்குப் பத்மபூஷண் விருது நல்கிச் சிறப்பித்தனர்.

நிற்க. வகீல் காட்டியது அழுத்தம் குறையும் என்பதையே. அங்ஙனம் குறைத்தலால் பக்கவாதமும் குறையுமோ என்பது பிறிதொரு வினா. அளவுகோலில் எண் இறங்கியும் மனிதன் வீழ்வானாயின் பயன் என்னை? அதற்கு விடை அமெரிக்காவில், பழைய போர்வீரர்க்குரிய மருத்துவமனைகளில் எட்வர்டு ஃபிரைஸ் என்பார் தலைமையில் நடந்த ஆராய்ச்சியாற் கிடைத்தது. அதில் ஒரு பகுதியார்க்கு ரெசர்பைனும் வேறிரு மருந்துகளும் அளித்தனர். மறுபகுதியார்க்கு உருவிற் ஒத்த வெறும் மாத்திரையே அளித்தனர். யார் உண்பது யாது என்பது நோயாளர்க்குத் தெரியாது. நடுத்தரமாக அழுத்தம் உயர்ந்த 380 பேரைப் பற்றிய முடிபு 1970இல் வெளிவந்தது. வெறும் மாத்திரை உண்டாருள் 20 பேர் பக்கவாதத்தால் தாக்குண்டனர். மருந்துண்டாருள் தாக்குண்டார் ஐவரே. தாம் தொடங்கிய வழி சென்று சேர்ந்த இடத்தை வகீல் தம் வாழ்நாளிலேயே காணும் பேறு பெற்றார்.

பரிசும் புகழும் வந்தெய்திய பின்னரும் அவர் நோயாளரையும் மாணாக்கரையும் மறந்திலர். நோயாளியைக் கண்ணாலும் கையாலும் செவியாலும் ஆராய்ந்து நோயறியும் முறையைப் பற்றி ஆஸ்பி கோல்வாலா என்பாருடன் சேர்ந்து அவர் இயற்றிய நூல், மருத்துவ மாணவர் பலர்க்குக் கைவிளக்காயிற்று. இந்திய மருத்துவர் சங்கத்தார் 1969இல் வெளியிட்ட பெரு மருத்துவ நூலுக்கு அவரே பதிப்பாசிரியர். நம் நாட்டு நோயாளரைப் பற்றி நம் நாட்டு மருத்துவர் எழுதிய நூலை நம் மாணவர் கற்றல் வேண்டும் என்னும் கருத்துக்கு அஃது உருக் கொடுத்தது. வகீல் 1974ஆம் ஆண்டில் உலக வாழ்வை நீத்தார்.

சர்ப்பகந்தியின் பிற்கால நிலையையும் மறையாது கூறுதல் கடன். அதனை மிகுதியாய் உண்டோர் சிலர்க்கு மனச்சோர்வு நேர்ந்ததென மருத்துவர் எழுதினர். பின்னர்த் தீங்கு குறைந்த புதிய மருந்துகள் பல தோன்றவே, ரெசர்பைன் இன்று அருகியே வழங்குகின்றது. வேரின் பொருட்டுச் செடியையே அகழ்ந்தமையால் அஃது அருகியதாக, 1990முதல் அதன் பன்னாட்டு வாணிகமும் கட்டுப்படுத்தப்பெற்றுள்ளது. ஆதலின் இவ்வரலாற்றைக் கேட்டு ஒருவர் காட்டில் வேர் தேடிப் புறப்படுவாராயின், அவர் வகீலின் கருத்தை அறிந்தாரல்லர். வகீல் நமக்கு விட்டுச் சென்ற செல்வம் வேரன்று, அளவே. அளந்து அறிக; அறிந்ததை நாள்தோறும் தவறாது பேணுக என்பதே அவர்தம் வாழ்வு தரும் பாடம்.

இப்பாடம் நம் மாவட்டத்தார்க்கு மிகவும் வேண்டப்படுவதாம். வலியில்லையே, மாத்திரை எதற்கு என்று இடையில் நிறுத்திவிடும் பெரியோர் நம் ஊர்களில் பலர். தாம் குணமடைந்ததாய் அவர் எண்ணுகின்றனர். உண்மையில் மாத்திரை காவல் செய்த வாயிலைத் தாமே திறந்து விடுகின்றனர். முன்னர்த் தருமபுரி மாவட்டத்தோடு இருந்து 2004இல் பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்திலேதான், 2021ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தைத் தமிழக அரசினர் தொடங்கினர். அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரையை வீடு தேடிச் சென்று அளிப்பது அத்திட்டம். மருந்து வாயிலளவும் வந்துவிட்டது. அதனை உண்ணும் உறுதியை ஊட்டுவது கற்றார் கடமையன்றோ?

உடன் பயிலும் நண்பர்காள்! விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் தந்தையாரையும் தாயாரையும் அருகிலுள்ள சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று அழுத்தத்தை அளப்பிப்பீராக. எவரேனும் வாய் கோணி, கை தளர்ந்து, சொற் குழறுவாராயின், வேப்பிலை அடித்தும் எண்ணெய் தேய்த்தும் காலம் போக்காது, பக்கவாதச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்வீராக. குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து நாலரை மணி நேரத்திற்குள் அளித்தாலே பெரிதும் பயன்படும். ஒவ்வொரு நிமிடமும் மூளையின் ஒரு பகுதிக்கு விலையாகும். இவை எளிய செயல்களே. ஐம்பது நோயாளரின் அளவைக் குறித்து வைத்ததும் எளிய செயலே. அதனைச் சலியாது செய்தவர் வகீல்.